பால் திருட்டு

"மாமி, புள்ள அழுவுது!"

"அழுவல."

"எனக்குக் கேக்குது மாமி."

"உனக்குக் கேக்கும். இங்கிலீஷ் படிச்ச காது இல்ல? லண்டன்ல அழுவுற புள்ளகூடக் கேக்கும்."

ராயபுரத்தில் கப்பல் சரக்கு இறக்கும் கான்டிராக்டர் வீட்டு மருமகள் ஐரீன், பிள்ளை பெற்ற மறுநாளே சுரத்தில் விழுந்தாள். காய்ச்சல்காரியின் பால் பேரனுக்கு ஆகாது என்று மாமியார் வியாகுலம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தாயைக் கொல்லைப்புற அறையில் போட்டார்கள். பிள்ளையைக் கடற்காற்று வரும் முன்கூடத்தில் தொட்டில் கட்டிப் போட்டார்கள்.

பால் கொடுக்க வியாசர்பாடியிலிருந்து கன்னியம்மா வந்தாள். அவளும் பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரிதான். வேளாவேளைக்குச் சோறு, மாதச் சம்பளம். ஒரே நிபந்தனை: அவள் பிள்ளை இந்த வாசலை மிதிக்கக் கூடாது, ஒரு சொட்டுப் பாலும் அதற்குப் போகக் கூடாது. மாட்டைக்கூடக் கன்றைக் காட்டித்தான் கறப்பார்கள். கான்டிராக்டர் வீட்டில் அந்த வழக்கம் இல்லை.

சுரம் விட்டது. அழுகை விடவில்லை. தினமும் மத்தியானம், வீடு உண்ட மயக்கத்தில் கிடக்கும்போது, ஐரீனின் காதில் பிள்ளை வீறிட்டது. மார்பு கட்டி, ரவிக்கை நனைந்தது. கத்தினாள். வியாகுலம்மாள் முனகிக்கொண்டே எழுந்து போய், கொசுவலை வழியாகத் தொட்டிலை எட்டிப் பார்ப்பாள். லேஸ் குல்லாயும் போர்வையுமாகப் பிள்ளை ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருக்கும்.

"தூங்குற அழகப் பாரு, ராசா வூட்டுக் களை! இதப் போயி அழுவுதுன்றாளே!"

டாக்டர் வந்தார். அதிகம் படித்த பெண்களுக்குப் பிரசவத்துக்குப்பின் இப்படி ஆவதுண்டு என்றார். படிக்காதவர்களுக்கு ஆகிறதா என்று அவர் எங்கும் போய்க் கேட்டதில்லை.

கணவன் சவரிநாதன் கட்டிலருகே வந்து நின்றான்.

"இன்னொரு தபா அழுவுதுன்னு கத்துனா, உன்னப் பைத்தியக்கார ஆஸ்பத்திரில சேக்கச் சொல்லிட்டாங்க அம்மா. புள்ள இங்கதான் இருக்கும். நான் இன்னா பண்றது ஐரீன்?"

"ஆம்பளையா பொறந்துட்டு நீங்க இன்னா பண்ண முடியும், பாவம்" என்றாள் ஐரீன்.

மறுநாள் மத்தியானமும் பிள்ளை வீறிட்டது. ஐரீன் தலையணையைக் கடித்துக்கொண்டாள். கத்தாமல் கிடந்தபோதுதான் ஒன்று புரிந்தது. அழுகை முன்கூடத்திலிருந்து வரவில்லை. கொல்லையில் துணி துவைக்கும் கொட்டகையிலிருந்து வந்தது. இத்தனை நாள் அவள் போட்ட சத்தத்தில் திசை தெரியாமல் போயிருந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்க் கொட்டகைக் கதவைத் தள்ளினாள். கன்னியம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அழுக்குத் துணிக்கூடை. மடியில் கந்தல் சுற்றிய ஒரு பிள்ளை. அப்போதுதான் மார்பில் வாய் வைத்து அழுகையை நிறுத்தியிருந்தது.

"மாமி! வந்து பாருங்க, யாருக்குப் பைத்தியம்னு!"

வியாகுலம்மாள் ஓடி வந்தாள். பின்னாலேயே சவரிநாதன்.

"அடிப்பாவி! உம் புள்ளையக் கூடையில ஒளிச்சு எடுத்தாந்து, எங்க வூட்டுச் சோறு தின்னு ஊறுன பாலத் திருடிக் குடுக்கிறியா?"

"ரெண்டு புள்ளைக்கும் பால் கீதும்மா. ஒண்ணும் கொறையல."

"வாய மூடு! போலீசக் கூப்புடுவேன்!"

வியாகுலம்மாள் அந்தப் பிள்ளையைச் செத்த எலியைத் தூக்குவதுபோல் தூக்கிக் கூடைக்குள் போட்டாள். அது வீறிட்டது.

"கலீஜ்! மூஞ்சியப் பாரு, திருட்டு மூஞ்சி! பொறப்பு தெரியுதில்ல?"

சவரிநாதன் மனைவியைப் பார்த்து அசடு வழிந்தான். "அப்ப உனக்கு ஒண்ணும் இல்ல ஐரீன். நெசமாவே அழுதுகினுதான் இருந்திருக்கு."

ஜெயித்த சந்தோஷம் ஐரீனுக்கு வரவில்லை. ரவிக்கை நனைந்துகொண்டே இருந்தது.

"இன்னாடி மரமாட்டம் நிக்கிற?" என்று கத்தினாள் வியாகுலம்மாள். "உம் புள்ளையத் தூக்கிக்கினு இப்பவே வெளிய போ!"

கன்னியம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கூடையில் கதறிய பிள்ளையை அப்படியே விட்டுவிட்டு முன்கூடத்துக்குப் போனாள். கொசுவலையை விலக்கி, கடற்காற்றில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்த தன் மகனின் லேஸ் குல்லாயைக் கழற்றித் தொட்டிலில் வைத்துவிட்டு, அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.