வயலின் வகுப்புக்கு ஒரு பிளக் பாயிண்ட்

மாடிக்கு வைஃபை எட்டாமல் வயலின் டீச்சரின் ஆன்லைன் வகுப்பு திணறியது. "டீச்சர், பூனை கத்துற மாதிரி கேக்குது" என்று பிள்ளைகள் சிரித்தார்கள், சிலர் வகுப்பைவிட்டே நின்றுவிட்டார்கள். வீட்டு மின்கம்பி வழியாகவே இணையத்தைக் கொண்டுபோகும் ஒரு ஜோடி அடாப்டரைக் கணவர் வாங்கிவந்தார். ஒன்றைக் கீழே மோடத்துக்குப் பக்கத்திலும், மற்றொன்றை மாடியில் மச்சினன் புதிதாகப் பதித்திருந்த பிளக் பாயிண்ட்டிலும் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. வகுப்பு களைகட்டியது.

மறுநாள் எலக்ட்ரீஷியன் மச்சினன் ஒயர் சுருளோடு வந்தான்.

"மாமா, மாடி பாயிண்ட்டுக்கு இன்னைக்கு கரண்ட் குடுத்துடறேன்."

"விளையாடாதடா. நேத்தே கிளாஸ் ஜோரா நடந்துச்சே!"

"நான் இன்னும் ஒயரே இழுக்கலையே, மாமா!"

மேலே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மச்சினன் ஓசைப்படாமல் திருகுகளைக் கழற்றினான். பிளக் பலகை அடாப்டரோடு அவன் கையில் வந்தது. பின்னால் ஒரு கம்பியும் இல்லை. சுவர்க் குழியில் வெறும் சிமெண்ட். அடாப்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

கணவருக்கு ஏனோ சிரிப்பு வந்தது.

"ஏன் ரெண்டு பேரும் திருதிருன்னு முழிக்கிறீங்க? நல்லாத்தானே போகுது!" என்றாள் டீச்சர், வாசிப்பை நிறுத்தாமலே.

மச்சினன், தூங்கும் குழந்தையின் அறைக்கதவைச் சாத்துவதுபோல, பலகையை மெல்லச் சுவரில் பொருத்தினான்.