மூன்றரையா, ஒன்றரையா?

மாமனாரின் சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்ன நோட்டை நாகஜோதி வெடுக்கென்று உருவினாள். ஆறு மாதக் கோபம் அது.

சட்டை கொடியில் தொங்கியது. மாமனார் பொன்னுத்துரை பின்பக்கம், கண்ணாடி மாட்டியிருந்த சுவரோரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். எடுத்த நோட்டைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

திண்டுக்கல் பைபாஸ் ரோட்டு ஓட்டலில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் விளையாட நாலு தடம் போட்டிருந்தார்கள். அங்கே டோக்கன் கொடுக்கிற வேலை அவளுக்கு. மூன்று மணிக்கு வேலை முடிந்ததும், சும்மா கிடக்கிற தடத்தில் ஒரு மணி நேரம் பந்து உருட்டிப் பழகினாள். கை நன்றாக வந்தது. வருகிற ஞாயிறு அதே இடத்தில் மாவட்டப் போட்டி. ஜெயித்தால் சென்னைக்குப் போய் மாநிலப் போட்டியில் ஆடலாம்.

காலையில் சந்தையில் தக்காளி விற்றுவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று மாமனார் தினமும் மூன்று மணிக்கே வந்துவிடுவார். கடைசி நாற்காலியில் உட்காருவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அவள் ஒவ்வொரு பந்தை விட்டதும் குனிந்து நோட்டில் ஏதோ எழுதுவார்.

"எல்லாம் உன் வீட்டுக்காரருக்குத்தான்டி. நீ யாரோட சிரிச்சுப் பேசுறேன்னு எழுதுறாரு" என்றாள் கூட வேலை பார்க்கும் இசைவாணி.

இருக்கும். போன வாரம் கணவன் பிரபு துபாயிலிருந்து பேசும்போது, "அப்பா எல்லாம் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு" என்று சிரித்தானே.

எடுத்த நோட்டைப் பஸ்ஸில் படித்துவிடலாம் என்று நினைத்தாள். செம்பட்டியிலிருந்து திண்டுக்கல் வரைக்கும் மாமனார் அவள் சீட்டுக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நேராக நாகல்நகரில் ஜெகபர் அலியின் லேத் பட்டறைக்குப் போனார்கள். ஓட்டல் பந்துகளுக்கெல்லாம் துளை போடுகிறவர் அவர்தான். ஓட்டல் முதலாளி போட்டிக்காக அவளுக்கு ஒரு புதுப் பந்து வாங்கிக் கொடுத்திருந்தார். விரல் நுழைகிற துளை இனிமேல்தான் போட வேண்டும்.

ஜெகபர் அலி பந்திலிருந்த சிவப்புப் புள்ளியைக் காட்டினார்.

"உள்ள ஒரு கனமான கட்டி இருக்கு தாயி. அதோட தலைதான் இந்தப் புள்ளி. நீ விடுறப்ப பந்து எந்த அச்சுல சுத்துதோ, அங்கயிருந்து புள்ளி மூணரை இஞ்சு தள்ளி இருந்தா நல்லா வளைஞ்சு போய் அடிக்கும். ஒண்ணரை இஞ்சுல இருந்தா அடங்கி ஓடும். அதுக்குத் தக்கன துளை போடணும். எதுன்னு சொல்லு. போட்டா போட்டதுதான்."

"மூணரை பாய். கோயமுத்தூர்ல ஜெயிச்ச அக்கா அதுதான் வச்சிருக்காங்களாம்."

"ஒண்ணரை" என்றார் பின்னால் நின்ற பொன்னுத்துரை.

நாகஜோதிக்குச் சுருக்கென்றது.

"மாமா, செத்த சும்மா இருங்க. இது என்ன உங்க தக்காளிக் கூடையா?"

பட்டறையில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பொன்னுத்துரை தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் விடவில்லை. ஜெகபர் அலியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"தடத்துக்குக் காலையில எண்ணெய் பூசுறாங்க பாய். ஆளுக விளையாடி விளையாடி மூணு மணிக்கெல்லாம் காஞ்சு போகுது. போட்டியும் மூணு மணிக்குத்தான். காஞ்ச தடத்துல சாதாரணப் பந்தே முன்னாடியே திரும்பிருது. இதுல இன்னும் வளையுற பந்து எதுக்கு?"

"நான் காலையில போறப்பல்லாம் வழவழன்னுதானண்ணே இருக்கு? வாய்ச்சொல்ல நம்பி ஓட்டை போட முடியாது. எத்தனை பந்துக்கு எத்தனை திரும்புது? கணக்கு இருக்கா?"

"இருக்கு."

பொன்னுத்துரை சட்டைப் பையில் கையை விட்டார். இல்லை. வேட்டி மடிப்பைத் தடவினார். அங்கேயும் இல்லை.

"எங்கயோ விட்டுட்டேன் போல. வயசாயிருச்சுல்ல" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஜெகபர் அலி மூன்றரை இஞ்சுக்குக் கோடு போட்டார். பந்தை இறுக்கிவிட்டு மெஷினைப் போட்டார்.

"பாய், நிறுத்துங்க!"

நாகஜோதி கைப்பையைத் திறந்தாள்.

"இந்தாங்க மாமா. பஸ்ஸுல... கீழ கிடந்துச்சு."

"நல்லவேளை, எடுத்து வச்ச" என்று வாங்கி ஜெகபர் அலியிடம் கொடுத்தார் பொன்னுத்துரை. அவர் சத்தமாகவே படித்தார்.

"மே மூணு. அறுபது பந்து. முன்னாடியே திரும்பினது முப்பத்தெட்டு. சரியாகப் போனது பதினாலு. ஓரப் பள்ளத்தில் விழுந்தது எட்டு. மே நாலு. அறுபத்தஞ்சு பந்து. முன்னாடியே திரும்பினது நாப்பத்தொண்ணு..."

பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாம் அப்படித்தான். ஓர் இடத்தில் மட்டும் வட்டம் போட்டிருந்தது.

"இன்று ஒரே பந்தில் பத்துக் கட்டையும் சாய்ந்தது. ஜோதி குதித்தாள். பிரபுவிடம் சொல்ல வேண்டும்."

யாரும் சிரிக்கவில்லை. ஜெகபர் அலி கோட்டை அழித்துவிட்டு நாகஜோதியைப் பார்த்தார்.

"ஒண்ணரை பாய்" என்றாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். பந்துப் பையை மாமனார் தூக்கிக்கொண்டார். மணிக்கூண்டு வந்ததும் நாகஜோதி நின்றாள்.

"மாமா... அந்த நோட்டு பஸ்ஸுல கிடக்கல."

"தெரியும்த்தா. நீ எடுக்குறதைக் கண்ணாடியில பாத்தேன்" என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடி. "உன்னைக் காட்டிக்குடுக்காம பட்டறையில சும்மா தேடினேன். இதையெல்லாம் நேர்ல சொல்ல எனக்குக் கூச்சம். படிச்சாவது தெரிஞ்சுக்கிறட்டும்னுதான் பேசாம இருந்தேன்."