ஓரம் வெட்டாத சாஃப்ட்வேர்

கணவன் லாக்லன் புரூனி தீவுக்குத் தனியாகப் போய் எடுத்துவந்த பென்குயின் படம். கேமராவிலிருந்து வந்த அதன் ரா ஃபைலை, பழையது, புதியது என இரண்டு ஃபோட்டோ சாஃப்ட்வேரிலும் திறந்து வைத்திருந்தாள் நோலீன்.

“பழசு, லென்ஸ் வளைவைச் சரிபண்றேன்னு ஓரத்தை வெட்டிடும். புதுசுல படம் முழுசா வரும்!” லாக்லன் குழந்தைபோலக் குதூகலித்தான்.

“பழசே போதும்டி. கலர் அள்ளுது,” என்றாள் பக்கத்து வீட்டு ப்ரோன்வின், அவசரமாக.

இவளுக்கு ஏன் இத்தனை அக்கறை?

“ஓரத்துல என்ன இருக்கப்போகுது? வெறும் மணலு. மூடிட்டு வா, டீ குடிக்கலாம்,” ப்ரோன்வின் விடவில்லை.

நோலீனுக்கு உறுத்தியது. புதியதில் படத்தின் இடது மூலையைப் பெரிதாக்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

“நீ சொன்னது சரிதான் லாக்லன், புதுசுதான் பெஸ்ட்டு. ப்ரோன்வின், இப்ப நம்ம வாசல்ல கழட்டிப் போட்டிருக்கியே சிவப்பு ரப்பர் பூட்ஸ், அதோட மஞ்சள் ஒட்டுகூட இந்த மணல்ல எவ்வளவு தெளிவா தெரியுது பாரேன்!”