மசேலோவின் வாக்குகள்

ஆப்பிரிக்காவின் ஒரு மூலையில் கிடக்கும் லுவாம்பிரித் தொகுதியின் தேர்தல் வரலாறுதான் யாதவியின் முனைவர் பட்ட ஆய்வு. அதை முடிக்கவிடாமல் மசேலோ என்ற ஒரே ஒரு கிராமம் அவளுடைய உயிரை வாங்கியது. 2009இல் அணை கட்டியபோது மசேலோ நீரில் மூழ்கியது. வெளியேற மறுத்தவர்களும் அதோடு மூழ்கிப் போனார்கள். ஆனால் அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு தேர்தலிலும் மசேலோவிலிருந்து வாக்குகள் வந்திருந்தன. பேராசிரியர் மசேலோ பற்றிய அத்தியாயத்தை மறுபடியும் திருப்பி அனுப்பிவிட்டார்.

"ஆக்கள் இல்லாத ஊரிலை வோட்டு மட்டும் இருக்கு. இதை நான் எப்பிடி எழுதுறது?" என்று சுவிட்சர்லாந்தின் லாங்கன்தால் ஊரில் இருந்த வீட்டுச் சமையலறையில் கணவன் சாயிசனிடம் எரிந்து விழுந்தாள்.

"கள்ள வோட்டெண்டு எழுதுமன்."

"கள்ள வோட்டெண்டால் வெல்லுறதுக்கெல்லோ போடுவாங்கள்! இவங்கள் அணை கட்டின கட்சிக்கு எதிராப் போட்டு, ஒவ்வொருக்காலும் தோக்கிறாங்கள்."

பொறுமையிழந்து அந்தத் தொகுதியின் தேர்தல் அதிகாரிக்கே போன் போட்டாள். அவர் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார்.

"மசேலோவில் இப்போது யார் இருக்கிறார்கள்?"

"யாரும் இல்லை, மேடம். அங்கே ஏரிதான் இருக்கிறது."

"அப்படியென்றால் வாக்களிப்பது யார்?"

"மசேலோக்காரர்கள்தான்." அவரும் சலித்துக்கொண்டார். "எங்களுக்கும் பெரிய தொல்லை. மற்ற ஊர்ச் சீட்டுகளைப் பெட்டி திறந்ததும் எண்ணிவிடலாம். இவர்களுடையதை முதலில் கொடியில் போட்டுக் காயவைக்க வேண்டியிருக்கிறது."

யாதவி போனை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"என்னவாம்?" என்றான் சாயிசன்.

"கள்ள வோட்டில்லையாம்."