எப்ப எடுக்குறீங்க?

“எப்பத்தான் எடுக்குறதா உத்தேசம்?”

பந்தலில் ஆளாளுக்கு இதே கேள்விதான்.

எரியோட்டில் சடையாண்டி விடியற்காலையில் கண்ணை மூடினார். வயசாளி, கல்யாணச் சாவு. உச்சி வெயிலுக்கு முன்னாடியே தேர் கட்டி முடித்தாகிவிட்டது. கொட்டுக்காரர்களும் அடித்து ஓய்ந்துவிட்டார்கள். ஆனால் ஐஸ் பெட்டியைத் திறக்க மருமகள் மகேஸ்வரி விடவில்லை.

“இன்னும் செத்த நேரம் போகட்டும்” என்பதையே காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

துக்க வீட்டில் வெயில் ஏற ஏற துக்கம் இறங்கிவிடும். பேச்சு மட்டும் ஏறும்.

“அவ தம்பி திருப்பூர்லருந்து வரணுமாம்ல. பெறந்த வீட்டுக் கோடித்துணி விழுகாம தூக்க விட மாட்டாளாம்.”

“அம்புட்டுப் பவுசு! எனக்கு சாயங்கால ஷிஃப்ட்டு. மில்லு பஸ்ஸு எனக்காக நிக்குமா?”

“மகன்காரன் மணிமாறனை எங்க காணோம்?”

“உள்ரூமுல கதவச் சாத்திக்கிட்டுக் கெடக்கான். பெத்த அப்பன் இங்க பெட்டிக்குள்ள. பொண்டாட்டி சொல்லுக்கு மறுசொல்லு உண்டா அவனுக்கு?”

திருப்பூர் தம்பியும் வந்தான். கோடித்துணியைப் போட்டு அழுதுவிட்டுப் பந்தலில் உட்கார்ந்தான். அப்போதும் மகேஸ்வரி அசைந்து கொடுக்கவில்லை.

இறந்தவரின் தம்பி சோலைமலைக்குப் பொறுமை போய்விட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

“ஏத்தா மகேசு, ஊரே சிரிக்குது. விளக்கு வைக்கிறதுக்குள்ள காடு சேக்க வேணாமா? எங்க அவன்?”

பதிலுக்குக் காத்திராமல் உள்ளறைக் கதவைத் தள்ளினார். ஒரே இருட்டு. ஜன்னலை மறைத்துக் கம்பளி தொங்கியது. முழுக்கைச் சட்டையும் தொப்பியுமாகக் கட்டிலில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான் மணிமாறன்.

மகேஸ்வரி பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

“சின்ன மாமா, இவுகளுக்கு நெஞ்சுக்குள்ள கட்டி. கேன்சரு.”

சோலைமலை கட்டிலில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“மதுரையில புதுசா ஒரு வைத்தியம் சோதனை பண்றாக. அதுல சேத்துருக்கோம். ஊசியில மருந்து ஏத்தியிருக்கு. வெளிச்சம் பட்டாத்தான் அந்த மருந்து வேலை செய்யுமாம். கட்டி இருக்குற ஆழத்துக்கு வெளிச்சம் போகாதுல்ல, அதனால எக்ஸ்ரேயை உள்ள விட்டு, அங்க வச்சு மருந்த முடுக்கி விடுவாகளாம். நாளைக்கு வரச் சொல்லிருக்காக.”

“அதுக்கும் இதுக்கும் என்னத்தா?”

“மருந்து இப்ப ஒடம்பு பூராம் ஓடுது, சின்ன மாமா. வெயில்ல நின்னா தோல்லயே முடுக்கிக்கிரும். வெந்து கொப்பளிச்சுப் போகும். அப்பறம் நாளைக்கு எக்ஸ்ரே வைக்க மாட்டாக. இருக்குற ஒரு வழியும் போயிரும்.”

“இத அப்பவே வெளிய சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“கேன்சருன்னு காதுல விழுந்தாப் போதும், இவுகளையும் சேத்து இன்னைக்கே ஒப்பாரி வச்சுருவாக. அதுக்கு என்னைய ஏசிட்டுப் போகட்டும்.”

சோலைமலையின் கோபம் போன இடம் தெரியவில்லை. மருமகள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது அவருக்கு.

“சரி, நான் கொள்ளி வைக்கிறேன். கூடப் பெறந்தவன் வச்சா ஆகாதுன்னு எவன் சொல்லுவான்?”

“வேணாம் சித்தப்பா.”

மணிமாறன் எழுந்து சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான். கொள்ளி வைக்கிறவன் வெற்று உடம்போடு நீர்மாலைக்குத் தண்ணீர் எடுத்து வந்து, மொட்டை போட்டு, கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சுடுகாடு வரை நடக்க வேண்டும். வெளியே சித்திரை வெயில் இன்னும் தகித்தது.

“நானே வாரேன். எங்கப்பாவுக்கு ஆகாத தோலு எனக்கு எதுக்கு?”

மகேஸ்வரி அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். காலையிலிருந்து அத்தனை ஏச்சுக்கும் கலங்காதவள் இப்போது உடைந்து அழுதாள்.

“கண்ண மூடுறதுக்கு முந்தி மாமா என்னைய மட்டும் பக்கத்துல கூப்புட்டாரு. ‘கொள்ளி எம்புள்ளதான் வைக்கணும். ஆனா அவன வெயில்ல எறக்கிராத தாயி. போறவனுக்கு என்ன அவசரம்? பொழுது சாஞ்சே போறேன்’னாரு.”