மூன்றாவது பெயர்

கதவைத் தட்டியதும் விருத்தாம்பாள் திறந்தாள். வீட்டில் வேறு யாருமில்லை. வாசலில் ஏட்டு கன்னியப்பன் புகார் மனுவோடு நின்றார்.

"உன் மருமவ செஞ்சி டேசன்ல வந்து புகார் குடுத்திருக்குது. எண்பத்திமூணுல புதுச் சட்டம் வந்துட்டுது, தெரியுமில்ல? மருமவளக் கொடும பண்ணா குடும்பத்தோட ஜெயிலு. உன் மவன் எங்க?"

"காலையிலயே பஸ் ஏறிப் போயிட்டான் சார்."

"மொத ஆளு ஓடிட்டான். ரெண்டாவது நீ. மூணாவது உன் பொண்ணு அஞ்சலை. கூப்புடு."

"அவ வர மாட்டா சார்."

"ஒளிச்சு வெச்சிருக்கியா? நாத்தனாரும் சேந்து அடிச்சாங்கன்னு எழுதியிருக்குது."

"எம் மருமவ அவளப் பாத்ததே இல்ல சார். மனு எழுதுனவரு கல்யாணப் பத்திரிகையப் பாத்துப் பேர எழுதியிருப்பாரு. அதுல அவ பேரப் போடச் சொன்னது நான்தான்."

"அண்ணன் கல்யாணத்துக்கே வராத பொண்ணா? எங்கதான் இருக்குது?"

"செத்து ஏழு வருசமாவுது சார். புருசன் வூட்டுல ஸ்டவ் வெடிச்சிட்டுதுன்னாங்க. ஊர்ல பேசி முடிச்சிட்டாங்க."

 ஏட்டு பேனாவை எடுத்து மூன்றாவது பெயரை அடித்தார். பேனா இரண்டாவது பெயரின் மேலும் தயங்கி நின்றது.

"எம் பேரு இருக்கட்டும் சார்," என்றாள் விருத்தாம்பாள். "எம் மவன் அவள அடிக்கிறப்ப நான் பக்கத்து ரூம்புல கேட்டுக்கினுதான் இருந்தேன். அஞ்சலையோட மாமியாளும் அப்படித்தான் இருந்திருப்பா."