கொஞ்சம் நன்றாக இருமுங்கள்

"இது ஒரு இருமலா? பூனை தும்மின மாதிரி இருக்கு. அடிவயித்துல இருந்து வரணும், தோர்லெய்ஃப்!"

தலைமைச் செவிலி குன்வோர் இடுப்பில் கைவைத்தபடி நின்றாள். முதல் படுக்கையில் எழுபத்தாறு வயது தோர்லெய்ஃப் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு அவளை முறைத்தார்.

"நான் என்ன பண்ணட்டும்? என் சிகரெட்டைப் பிடுங்கிப் போட்டது யாரு? நீதானே! நாலு வருஷத்துக்கு முன்னாடி கூப்பிட்டிருந்தா, கட்டடமே அதிர்ற மாதிரி இருமிக் காட்டியிருப்பேன்."

குன்வோர் அவர் தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள். அவர் சொன்னது உண்மை.

வடக்கு நார்வேத் தீவில் இருந்த அந்த எட்டுப் படுக்கை ஆஸ்பத்திரி செய்த ஒரே குற்றம், ஊரைக் குணப்படுத்தியதுதான். மாலை நடைக் குழு, புகையை மறக்கும் குழு, உப்பைக் குறைக்கும் சமையல் வகுப்பு என்று குன்வோர் பதினோரு வருடமாக ஊரை ஓட ஓட விரட்டினாள். ஊரும் சும்மா இருக்கவில்லை. மீன் தொழிற்சாலை நடைபாதைக்கு விளக்குப் போட்டுக் கொடுத்தது. பெண்கள் சங்கம் நோயாளிகளுக்கென்று கம்பளிக் காலுறைகளைப் பின்னிப் பின்னி மூன்று அலமாரிகளை நிரப்பியது. மாட்டத்தான் கால் வரவில்லை.

உடனே மேலிடத்துக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. குளிர்காலம் முழுக்கப் படுக்கைகள் காலியாம். புதன்கிழமை ஓர் அதிகாரி நேரில் பார்த்துவிட்டு, 'தேவையில்லை' என்று எழுதினால் இழுத்து மூடிவிடுவார்களாம். அடுத்த ஆஸ்பத்திரிக்குப் படகில் நாலு மணி நேரம். புயல் வந்தால் அந்தப் படகும் கிடையாது. போன ஜனவரியில் மூன்று நாள் படகு ஓடாதபோது, இரண்டு பிள்ளைகள் இங்கேதான் பிறந்தன. இனி அப்படி ஒரு ஜனவரி வந்தால் என்ன செய்வது?

அதனால் ஊர் கூடி ஒருமனதாக முடிவெடுத்தது, புதன்கிழமை நோயில் விழுவதென்று. ஏழு பேர் ஆர்வமாகப் பெயர் கொடுத்தார்கள்.

மூன்றாம் படுக்கைக்கு மட்டும் ஆள் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. முதுகுப் பையோடு முந்தின நாள் படகில் வந்த ஒரு வெளியூர்ப் பெண், நடைபாதை வளைவில் விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு சாதுவாகப் படுத்திருந்தாள். உள்ளூர்க்காரர்களைப் பார்த்து அவள் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருந்தது.

"ஏம்மா, உனக்குத்தான் நிஜமாவே வலிக்குதே! அப்புறம் ஏன் இப்படிக் கம்முன்னு கிடக்கறே?" என்றாள் நாலாம் படுக்கை அஸ்லாக். "அதிகாரி வந்தா கொஞ்சம் முனகேன். ஊருக்கு உபகாரமாப் போகும்."

"எப்படி முனகணும்?"

"மூணு பிள்ளை பெத்தவ நான், கேட்டுக்கோ." அஸ்லாக் போட்ட சத்தத்தில் ஜன்னலோரக் கடற்பறவை பறந்துவிட்டது.

"அந்தாளு எப்படி இருப்பான்?" என்று யாரோ கேட்டார்கள்.

"எப்படி இருப்பான்? கணப்புப் பக்கத்துல உக்காந்து, ஒரு ஊசிகூடப் போட்டுக்காம, யாருக்கு ஆஸ்பத்திரி வேணும்னு முடிவு பண்றவன். மூஞ்சி காஞ்ச கருவாடு மாதிரி இருக்கும்" என்றார் தோர்லெய்ஃப்.

அறையே சிரித்தது. மூன்றாம் படுக்கைப் பெண்ணும் சிரித்தாள்.

ஒரு மணிப் படகு ஊதியது. சற்று நேரத்தில் சாம்பல் நிறக் கோட்டும் கறுப்புப் பெட்டியுமாக ஒருவர் உள்ளே வந்தார். முகம் ஏறக்குறையக் கருவாடுதான்.

நாடகம் தொடங்கியது. தோர்லெய்ஃப் இருமிய இருமலில் கட்டில் நகர்ந்தது. அஸ்லாக் கடவுளைக் கூப்பிட்டாள். ஆறாம் படுக்கையில் ஒருவர் ஒத்திகையில் இல்லாத வலிப்பையெல்லாம் சேர்த்துக்கொண்டார். மூன்றாம் படுக்கைப் பெண்கூடப் பாடத்தை மறக்காமல் முனகினாள்.

"பாத்தீங்களா ஐயா? எட்டுப் படுக்கையும் நிறைஞ்சு வழியுது. எழுதிக்கோங்க!" என்றாள் குன்வோர்.

வந்தவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் ஒட்டிக்கொண்டார்.

"நான் என்னத்தைம்மா எழுதறது? காபி மெஷின் ரிப்பேர்னு கூப்பிட்டீங்க, வந்தேன். இது ஒட்டிக்கிற வியாதியா?"

இருமல் பாதியில் நின்றது. வலிப்பு எழுந்து உட்கார்ந்தது.

"அப்போ அதிகாரி வரலையா?" தோர்லெய்ஃப் போர்வையை உதறிவிட்டுக் குதித்து இறங்கினார். "காலையில இருந்து படுத்துப் படுத்து முதுகு போச்சு. அடுத்த படகு நாளைக்குத்தான். வாங்கப்பா, வீட்டுக்குப் போகலாம்."

ஏழு நோயாளிகளும் ஒரே நொடியில் குணமாகிக் காலணியைத் தேடினார்கள். குன்வோர் காலிக் கட்டிலில் சோர்ந்து உட்கார்ந்தாள். அழுகை வந்தது. நாளைக்கு இதே ஏழு பேரை மறுபடி எப்படி நோயில் தள்ளுவது?

"நாளைக்கு யாரும் வர மாட்டாங்க" என்றது ஒரு குரல்.

மூன்றாம் படுக்கைப் பெண் தன் முதுகுப் பையிலிருந்து ஓர் அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். அதில் சுகாதாரத் துறையின் முத்திரை இருந்தது.

"சொல்லாம கொள்ளாம ஒரு நாள் முன்னாடியே வந்து பாக்கறது எங்க வழக்கம். நேத்து உங்க நடைக் குழு பின்னாடியே போய்ப் பாத்தேன். இந்தப் பெரியவர் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாமத்தான் விழுந்தேன்."

குன்வோர் கட்டிலை விட்டுத் துள்ளி எழுந்தாள். அந்தப் பெண் போர்வையை விலக்கி, மாவுக்கட்டுக் காலை மெல்ல நகர்த்தினாள்.

"இந்த ஊருக்கு ஆஸ்பத்திரி தேவையா இல்லையான்னு அப்புறமா எழுதறேன். முதல்ல யாராவது என்னைக் கைத்தாங்கலா பாத்ரூம் வரைக்கும் கூட்டிட்டுப் போங்க!"